பின்சீட்டுக்கு அடியில் ஒரு முனகல்

என் மனைவியின் காது சாதாரணக் காது இல்லை. வீட்டில் யாருக்கும் கேட்காதது எல்லாம் அவளுக்குக் கேட்கும். நான் சொல்வது மட்டும் கேட்காது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தலையைத் தூக்கி, "ஃப்ரிட்ஜ் மூணு கால்ல நிக்குதுங்க" என்பாள். எழுந்து போய் ஓர் அட்டைத் துண்டை நாலாக மடித்து நாலாவது காலுக்கு அடியில் சொருகிவிட்டு வருவாள். அதுவரை அந்த ஃப்ரிட்ஜ் சத்தம் போட்டதே எனக்குத் தெரிந்திருக்காது. சத்தம் நின்ற பிறகுதான் 'அட, ஆமாம்!' என்று தோன்றும்.

தெருவில் அவளுக்குப் பெட்ரோல் அக்கா என்று பெயர். பெட்ரோல் டேங்க், பம்ப், குழாய், ஃபில்டர் இவைதான் அவள் பட்டறையில் வேலை. பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்தால், "அதுக்கு வேற ஆள் இருக்காங்க, போய்ப் பாருங்க" என்று கையைக் காட்டிவிடுவாள். பட்டறைக்கு அடுத்தது தகரம் தட்டுகிறவர் கடை. அதற்கடுத்தது என் சலூன். தகரக்காரர் காலை எட்டு மணிக்குச் சுத்தியலைக் கையில் எடுத்தார் என்றால் சாயங்காலம் வரை தெருவில் காது கொடுத்து ஒன்றும் கேட்க முடியாது. அந்த இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசித்தான் என் தொண்டை இப்படி ஆகிவிட்டது என்று நான் சொல்வேன். கல்யாணத்துக்கு முன்னாலும் இதே தொண்டைதான் என்று அவள் சொல்வாள்.

பதினெட்டு வயதில் அவள் ஒரு பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். குழாயைப் பிடித்து டேங்கில் பெட்ரோல் விடுகிற வேலை. மற்றவர்கள் மீட்டரைப் பார்ப்பார்களாம். இவள் துவாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். உள்ளே போன பிறகு இது எங்கே போகிறது, யார் இழுக்கிறார்கள், எப்படி நெருப்பாகிறது என்று வருகிற டிரைவரை எல்லாம் கேட்டுத் தொல்லை பண்ணியிருக்கிறாள். கடைசியில் ஒரு பட்டறைக்காரர் பொறுக்கமாட்டாமல், "இவ்வளவு கேள்வி கேக்கறியே, வந்து நீயே கழட்டிப் பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் இவள் அவர் வாசலில் நின்றாள். அங்கே பதினோரு வருஷம். அப்புறம் சொந்தப் பட்டறை.

எங்கள் அறிமுகமே அந்தப் பட்டறையில்தான். என் ஸ்கூட்டர் போகிற வழியில் எல்லாம் நின்று நின்று மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அவளிடம் தள்ளிக்கொண்டு போய், இது கம்பெனியின் கோளாறு, போன மெக்கானிக்கின் கோளாறு, ரோட்டின் கோளாறு என்று அரைமணி நேரம் வெளுத்து வாங்கினேன். அதற்குள் அவள் கார்புரேட்டரைக் கழற்றி, ஊசித்துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இடுக்கியால் எதையோ உருவினாள்.

"சலூன் வச்சிருக்கீங்களா?" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

இடுக்கியின் முனையில் கறுப்பாக ஒரு துண்டு முடி. நான் சட்டையைக்கூட உதறாமல் பெட்ரோல் மூடியைத் திறக்கிற ஆள் என்பதை அன்றே கண்டுபிடித்துவிட்டாள். தெரிந்தும் என்னைக் கட்டிக்கொண்டாள் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

இப்போது வாத்துக்கு வருகிறேன். வாத்து என்பது அவளுடைய கார். காயலான் கடையில் கிடந்த சின்னப் பழைய கார் அது. பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், அதனால் அந்தப் பெயர். ஆறு வருஷமாக அதை அவள் மாற்றிக் கட்டினாள். பெரிய காரின் என்ஜினை அதற்குள் இறக்கினாள். அதன் மேல், காற்றை அழுத்தி உள்ளே திணித்து வேகத்தைக் கூட்டுகிற டர்போ வைத்தாள். இடம் போதவில்லை என்று ஏதேதோ குழாய்களைக் கழற்றி எறிந்தாள், ஏதேதோ குழாய்களை வளைத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு மனைவி கிடையாது. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு செருப்புக் கால்கள் மட்டும் தெரியும். அந்தக் கால்களிடம் பேசியே ஆறு வருஷம் ஓட்டினேன்.

எதற்கு இவ்வளவு? எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு மலை இருக்கிறது. வருஷத்தில் ஒருநாள் அந்த மலைப்பாதையை மூடி, ஒவ்வொரு காராக மேலே விட்டு நேரம் பார்ப்பார்கள். ஐந்து கிலோமீட்டர், பதினேழு வளைவு. சொந்தமாகக் கட்டிய வண்டிகள் மட்டும்தான். பங்கில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பந்தயத்துக்குப் போகிற வண்டிகளுக்கு இவள் பெட்ரோல் ஊற்றியிருக்கிறாள். "ஒரு தடவை நானும் மேல போகணும்ங்க. ஜெயிக்கணும்னு இல்ல. நான் கட்டின வண்டில போகணும்" என்று கல்யாணமான முதல் மாதமே சொல்லிவிட்டாள். இந்த வருஷம்தான் பெயர் கொடுத்தாள்.

பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்னால் புதுப் பம்ப் போட்டாள். டேங்குக்குள் மூழ்கி உட்கார்ந்து, பெட்ரோலை என்ஜினுக்குத் தள்ளுகிற பம்ப். பழையதன் தெம்பு டர்போவுக்குப் போதாது என்று, கம்பெனிப் பம்பை எடுத்துவிட்டு வெளிச்சந்தையில் விற்கிற பெரிய பம்ப் ஒன்றைப் போட்டாள். வாங்கியது வேறு யாரிடமும் இல்லை, அவளுடைய சொந்த அண்ணனிடம். என் மச்சானுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

அதே வாரம்தான் அவளுடைய பிறந்தநாள். நானும் வாத்துக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? பளபளவென்று ஓர் அலுமினிய டேங்க் மூடி வாங்கினேன். கண்ணாடி மாதிரி முகம் தெரியும். ரப்பர் வளையம் போட்டு, திருகினால் அப்படியே கவ்விப் பிடிக்கும். அழுக்குப் பிடித்த பழைய கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, என் கையாலேயே இதை மாட்டினேன். அவள் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். வீட்டில் வேலைப் பங்கீடு அப்படி: வண்டியைப் பிரிப்பதும் கட்டுவதும் அவள், பங்குக்குப் போய் பெட்ரோல் போட்டு வருவது நான்.

அடுத்த வாரம் சத்தம் ஆரம்பித்தது.

பெரிய பம்ப் என்றால் கொஞ்சம் முனகத்தான் செய்யும். 'ம்ம்ம்' என்று ஒரே சீராக. அது பரவாயில்லை. இது வேறு. நாற்பது நிமிஷம் ஓடியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'ஞீ' என்று மெல்லிசாகக் கிளம்பும். போகப் போக ஏறும். பல் கூசும். என்ஜினும் இழுக்கத் தயங்கும். முதல் தடவை கேட்டதும் அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, சீட்டின் மேல் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். "பம்ப்புக்கு மூச்சு முட்டுதுங்க" என்றாள். ஏன் முட்டுகிறது என்பதுதான் தெரியவில்லை.

காலை ஆறிலிருந்து எட்டுவரை, சுத்தியல் எழுவதற்கு முந்தைய அந்த அமைதியில்தான் அவள் வாத்தைத் தொடுவாள். பெட்ரோல் வேலை எதுவானாலும் முதலில் டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட வேண்டும் என்பது அவள் பட்டறைச் சட்டம். உள்ளே அழுத்தம் இருந்தால் குழாயைக் கழற்றும்போது முகத்தில் பீய்ச்சிவிடும். மூடியைத் திறந்து ஓரமாக வைப்பாள், அப்புறம்தான் ஸ்பேனர். அப்படித்தான் ஒவ்வொரு நாளும் பார்த்தாள். கம்பிகளில் கரண்ட் சரியாக வருகிறதா என்று பார்த்தாள், வந்தது. ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. குழாய் மடிந்திருக்கிறதா, இல்லை. அழுத்தமானியை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டால், முள் அசையாமல் நிற்கும், பம்ப் சமர்த்தாக 'ம்ம்ம்' என்னும். மூடியைத் திருகி ரோட்டுக்கு எடுத்துப் போனால், நாற்பதாவது நிமிஷம் 'ஞீ'.

என் சலூனில் இது ஊர்ப் பிரச்சினையாகிவிட்டது. கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் எல்லோரும் மெக்கானிக்தான். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். சீட்டுக்கு அடியில் எலி இருக்கும் என்றார் இன்னொருவர். ஷேவிங் நுரைக்குள்ளிருந்து ஓர் ஆள், "பம்ப் டூப்ளிகேட்டா இருக்கும். இப்ப எல்லாம் அட்டைப்பெட்டி மட்டும்தான் ஒரிஜினல்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பாதி முகத்து நுரையோடு அவரை அப்படியே விட்டுவிட்டு, நேரே மச்சான் கடைக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. சொந்தத் தங்கச்சிக்கே போலிச் சாமான் விற்கிறீரா, உமக்கு மனசு எப்படி வந்தது என்று கடையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். மச்சான் கோபப்படாத ஆள். அன்று அவர் முகம் தொங்கிவிட்டது.

"மாப்ளே, கம்பெனி சீல் வச்ச பெட்டியை என் கையால பிரிச்சுக் குடுத்தேன். வேற யாராவது இதைச் சொல்லியிருந்தா நடக்கறதே வேற" என்றார், அவ்வளவுதான். நான் விறைப்பாகத் திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் பம்பைச் சுற்றி இருந்த ரப்பரை எல்லாம் மாற்றினாள். கம்பியும் புதிதாக இழுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டே என் சலூனுக்கு வந்து, காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு அடிவாரத்துல வண்டிச் சோதனை. ஓட்டிக்கிட்டே போவோம். சத்தம் வரலைன்னா என் வேலை சரி. வந்துச்சுன்னா பேரை எடுத்துடறேன்."

"மேல போறதுக்கு அஞ்சு நிமிஷம்தானே ஆகும்? நாப்பது நிமிஷத்துக்கு அப்புறம்தானே அது கத்துது?"

"காரணம் தெரியாத சத்தத்தோட நான் மலை ஏற மாட்டேங்க. முழு வேகத்துல பெட்ரோல் குறைஞ்சா பிஸ்டனே உருகிடும். ஆறு வருஷம் புகையாப் போயிடும். அடுத்தவங்க வண்டின்னா விடுவேனா? என் வண்டின்னா மட்டும் விடலாமா?"

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. ஆனால் நகத்தை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் கத்தரியை எடுத்து, முன்நெற்றி முடியைக் கொஞ்சம் வெட்டி விடட்டுமா என்று கேட்டேன். வெட்டுங்க என்றாள்.

சனிக்கிழமை கிளம்புகிற நேரத்துக்கு மச்சான் ஒரு தோல்பையோடு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் வித்த பம்ப். அது என்ன சொல்லுதுன்னு நானே கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பின்சீட்டில், சரியாகப் பம்புக்கு மேலே ஏறி உட்கார்ந்தார். கனத்த உடம்பு. வாத்து ஒருபக்கமாகச் சாய்ந்தது.

முப்பது நிமிஷம் ஓடியது. முப்பத்தைந்து. மச்சான் குனிந்து சீட்டில் காதை வைத்துக்கொண்டார். நாற்பது. நாற்பத்திரண்டு. நான் வாயெல்லாம் பல்லாக அவளைப் பார்த்தேன். அப்போதுதான் கிளம்பியது: 'ஞீ'.

அவள் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தாள். சத்தம் ஏறிக்கொண்டே போனது. வேகத்தைக் குறைத்தாள். "போதும்ங்க. திரும்பிடலாம்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக யாரைத் திட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. மச்சானைத் திட்டலாமென்று திரும்பினால், அவர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

"திரும்பணும்னா பெட்ரோல் பத்தாது" என்றேன். பக்கத்திலேயே ஒரு பங்க் இருந்தது. அவள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி என்ஜினை அணைத்தாள். பெயரை எடுத்துவிடச் சொல்ல போனைக் கையில் எடுத்தாள். நான் இறங்கிப் போய், வழக்கம்போல, என் பளபளக்கும் மூடியைத் திருகினேன்.

'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சீறல். தொடர்ந்து அடியிலிருந்து, 'டொங்!'

பின்சீட்டில் மச்சான் துள்ளி எழுந்தார். "என்னமோ இடிக்குது! எனக்குக் கீழ என்னமோ இடிக்குது!"

அவள் கையில் போன் அப்படியே நின்றது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "என்ன சத்தம்ங்க அது?"

"இதுவா? ஒண்ணுமில்ல, நம்ம மூடிதான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "எப்பவும் இப்படித்தான் சீறும். அவ்வளவு இறுக்கம். நல்ல சாமான்னா சும்மாவா?"

"எப்பவும்னா?"

"எப்பவும்தான். பெட்ரோல் போடற ஒவ்வொரு தடவையும்."

"எப்பலேருந்து?"

"உன் பிறந்தநாள்லேருந்து."

கதவைத் திறந்து இறங்கினாள். மூடியை என் கையிலிருந்து வாங்கி, திருப்பிப் பார்த்தாள். ரப்பர் வளையத்தை விரலால் தடவினாள். வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். காற்று போக இம்மியளவும் வழியில்லை. பிறகு டேங்க் துவாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், இடுக்கி முனையில் ஒரு முடியோடு.

"ஜூஸ் பாக்கெட்டை உறிஞ்சிக்கிட்டே இருந்தா என்னங்க ஆகும்?"

"உள்ள ஒட்டிக்கும்."

"அதேதான். பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காத்து வரணும். பழைய மூடில அதுக்கு ஒரு சின்ன வழி இருந்துச்சு. இதுல இல்ல. பம்ப் இழுக்குது, டேங்க் விடமாட்டேங்குது. கத்தாம என்ன பண்ணும்? தகரமே உள்ள ஒடுங்கியிருக்கு, இப்பத் திறந்ததும் நிமிர்ந்துச்சு. அதான் டொங்." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ராத்திரியெல்லாம் வண்டி நின்னா அதுவே மெல்ல மெல்லச் சரியாயிடுது. காலைல நான் வந்து முதல் வேலையா மூடியைத் திறந்து வச்சிட்டுப் பரிசோதனை பண்றேன்! அப்புறம் எப்படிங்க தெரியும்? அஞ்சு வாரமா நோயை வெளிய அனுப்பிட்டுல்ல நாடி பாத்திருக்கேன்!"

நான் திருதிருவென்று விழித்தேன். அசடு வழிந்தது என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. "அப்போ... நான்தானா?"

"பாதி நீங்க. பாதி நான். டேங்குக்கு இன்னொரு மூச்சுக்குழாய் இருந்துச்சு. டர்போவுக்கு இடம் வேணும்னு நான்தான் கழட்டி அடைச்சேன். மூடில வழி இருக்கே, போதும்னு நினைச்சேன். அந்த மூடிதான் குப்பைக்குப் போயிடுச்சே!"

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வாத்தின் மேல் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, விழுந்து விழுந்து சிரித்தாள். குழாயைப் பிடித்து நின்ற பங்க் பெண்ணும் காரணம் தெரியாமலே சிரித்தாள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மெல்ல இறங்கி, சட்டையை இழுத்துவிட்டு, என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. அதை அவசரமாகச் செலவழிக்க அவர் தயாராக இல்லை.

"சொல்லுங்க மாப்ளே. டூப்ளிகேட் பம்ப். அப்புறம்?"

"மச்சான், தப்புதான். வாய் முந்திடுச்சு."

"கடைல நாலு பேர் இருந்தாங்க."

"அந்த நாலு பேர் முன்னாலயே வந்து சொல்றேன். போதுமா?"

"நாலு பேருக்கும் சேத்து முடிவெட்டி விடுங்க. எனக்கு ஆயுசுக்கும்" என்றார். அப்புறம்தான் அவருக்கும் சிரிப்பு வந்தது. என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். எலும்பு நொறுங்கியிருக்கும்.

மூடியை அரைச்சுற்றுத் தளர்த்தி வைத்து மிச்ச தூரத்தை ஓட்டினோம். நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆகியும் பின்சீட்டிலிருந்து 'ம்ம்ம்' தவிர ஒன்றும் இல்லை. அதோடு சேர்ந்து மச்சானும் முனகிக்கொண்டு வந்தார்.

ஆனால் தளர்ந்த மூடியோடு யாரும் மலையேற விடமாட்டார்கள். வளைவில் பெட்ரோல் சிந்தும். அடிவாரத்தில் இறங்கியதும், பழையபடி ஒரு பிளாஸ்டிக் மூடி வாங்கி வருகிறேன், இந்தச் சனியனைத் தூக்கி எறி என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினாள். மச்சான் தோல்பையைத் திறந்தார். அதற்குள் பாதிக் கடை இருந்தது. ஒருவழி வால்வு ஒன்றைத் தேடி எடுத்தார்: விரல் நுனி அளவுதான், காற்றை உள்ளே விடும், பெட்ரோலை வெளியே விடாது. அவள் வண்டிகளிலிருந்து தள்ளி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, இரவல் துளைக்கருவியால் என் அலுமினிய மூடியின் நடுவில் ஒரு துளை போட்டு, வால்வை வைத்து இறுக்கினாள். பளபளப்பில் ஒரு கீறல் விழவில்லை. அவ்வளவு நிதானம்.

சோதனைக்காரர் கையில் அட்டையோடு வந்தார். டேங்க் மூடியைக் கண்டதும் நின்று, குனிந்து, வாய் வைத்து ஊதிப் பார்த்தார், உறிஞ்சிப் பார்த்தார்.

"நல்லா இருக்கே. யாரோட வேலை இது?"

"வீட்டுக்காரர் வாங்கினது. வால்வு எங்க அண்ணன் குடுத்தது. ஓட்டை மட்டும் என்னுது" என்றாள்.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசு விழுந்துவிட்டது என்று மச்சானிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஞாயிறு காலை வாத்து மேலே போனது. நானும் மச்சானும் முதலிலேயே ஜீப்பில் ஏறிப்போய் உச்சியில் நின்றுகொண்டோம். கீழே இருந்து அதன் சத்தம் வளைவுக்கு வளைவு ஏறி வந்தது. மச்சான் விரல்விட்டு எண்ணினார்: பதிமூன்று, பதினான்கு, பதினைந்து. பதினாறாவது வளைவில் நான் அவர் விரலையே பிடித்துக்கொண்டேன். பதினேழைத் தாண்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முடிவுக் கோட்டைக் கடந்து வந்து நின்றது. முப்பத்திநாலு வண்டியில் ஒன்பதாவது. நான் போட்ட கூச்சலைக் கேட்டு முதலாவது வந்தவரே திரும்பிப் பார்த்தார்.

தலைக்கவசத்தைக் கழற்றினாள். முன்நெற்றியில் நான் வெட்டிய முடி வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருபக்கம் கொஞ்சம் கோணல். யாரெல்லாமோ கை கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரு கையைக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் என்னை இழுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள். மூடியை மெல்லத் திருகித் திறந்தாள்.

"ஏதாவது கேட்டுச்சா?"

காதைக் கிட்டே கொண்டுபோனேன். "ஒண்ணும் கேக்கலையே."

"எனக்கும்தான்" என்று சொல்லி, மூடியைத் தன் சட்டை நுனியில் துடைத்து, திருப்பிப் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.